பழைய டிவி தொடர்களை வட்டில் சேர்ப்பது: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

நெல்லைக்கதிர்:

எல்லோருக்கும் வணக்கம். பழைய தொலைக்காட்சித் தொடர்களை வட்டாக வாங்கிச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் பார்த்து வளர்ந்த ஆள் நான். இப்போது மகளும் கூடவே உட்கார்ந்து பார்க்கிறாள், அதனால் ஆசை கூடிவிட்டது.

முதல் பட்டியலில் நான்கு தொடர்கள்: ஐ லவ் லூசி, தி ட்விலைட் ஸோன், ஃபால்டி டவர்ஸ், ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன். தேடிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பல பதிப்புகள். எல்லா அட்டையிலும் 'முழுத் தொகுப்பு' என்றே போட்டிருக்கிறது. விலைதான் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் ப்ளூ-ரேயிலேயே வாங்குவது நல்லதா, இவ்வளவு பழசுக்கு டிவிடியே போதுமா? அமெரிக்காவில் வந்த வட்டு நம் ஊர் பிளேயரில் ஓடுமா? மலிவான பெட்டிகளை நம்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படச்சுருள்:

கதிர், வாங்க. தொடர் எவ்வளவு பழசு என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிலிமில் எடுத்ததா, வீடியோ நாடாவில் எடுத்ததா என்று முதலில் பாருங்கள். 1951-இல் தொடங்கிய லூசி ப்ளூ-ரேயில் பளிச்சென்று இருக்கும். 1975-இல் தொடங்கிய ஃபால்டி டவர்ஸை எந்த வட்டில் போட்டாலும் அந்தக் கூர்மை வராது.

லூசி கதை சுவாரசியமானது. அந்தக் காலத்தில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். மற்றப் பகுதிகளுக்கு, டிவி திரையையே ஒரு பிலிம் கேமராவால் படம் பிடித்து அனுப்புவார்கள். பார்க்க மங்கலாக இருக்கும். தொடரின் நாயகி லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் லாஸ் ஏஞ்சல்ஸை விட்டு வர மறுத்தார்கள். விளம்பரதாரரோ நியூயார்க் பார்வையாளர்களுக்கு மங்கலான படத்தைக் காட்டச் சம்மதிக்கவில்லை. கடைசியில், பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்து, மூன்று கேமராக்களில் 35 மிமீ பிலிமில் எடுப்பது என்று முடிவானது. ஒளிப்பதிவுக்கு வந்தவர் மெட்ரோபோலிஸ் படத்தில் வேலை செய்த கார்ல் ஃபிராயண்ட். செலவு கூடியதால் இருவரும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்குப் படச்சுருள்களின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு நாம் அதைத் தெளிவாகப் பார்ப்பது அந்த ஒப்பந்தத்தால்தான். முதல் சீசன் 2014-இலும் இரண்டாவது 2015-இலும் ப்ளூ-ரேயில் வந்தன. எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள்.

ஃபால்டி டவர்ஸ் மொத்தமே 12 பகுதிகள்தான். அரங்குக் காட்சிகள் வீடியோவில், வெளிப்புறக் காட்சிகள் 16 மிமீ பிலிமில். ஓட்டல் நடத்தும் பேசில் என்ற பாத்திரம் வாசலைத் தாண்டி வெளியே போனதும் படத்தின் தன்மையே மாறுவதைக் கவனித்திருப்பீர்கள், அந்தக் கால பிரிட்டிஷ் தொடர்கள் பலவும் அப்படித்தான். வீடியோவில் அன்றைக்குப் பதிவானது 576 வரிகள், அதாவது படத்தை உருவாக்கும் கிடைக்கோடுகள். பிரிட்டனின் டிவி முறையான பால் (PAL) முறை டிவிடியிலும் 576 வரிகள். அங்கே இல்லாத விவரத்தை ப்ளூ-ரே கொண்டுவர முடியாது, எனவே பிரிட்டிஷ் டிவிடியே போதும்.

ட்விலைட் ஸோனுக்கு ப்ளூ-ரே வாங்குங்கள். 156 பகுதிகளில் கிட்டத்தட்ட எல்லாமே 35 மிமீ. இரண்டாவது சீசனில் செலவைக் குறைக்க 6 பகுதிகளை மட்டும் வீடியோவில் எடுத்தார்கள். அவை வரும்போது படம் சட்டென்று தட்டையாகத் தெரியும். வட்டில் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஒரு தனி ரகம். படம் பிடித்தது பிலிமில், வெட்டி ஒட்டியதும் தந்திரக் காட்சிகளைச் சேர்த்ததும் வீடியோ நாடாவில். அதனால் ஒளிபரப்பானதும் டிவிடியில் வந்ததும் அந்த நாடாவின் தரத்தில்தான் இருந்தன. ப்ளூ-ரேக்காக மூல நெகட்டிவ்களைத் தேடி எடுத்து, மறுபடியும் ஸ்கேன் செய்து, ஏழு சீசன்களையும் ஷாட் ஷாட்டாகத் திரும்ப எடிட் செய்தார்கள். 2012 முதல் 2014 வரை வெளிவந்தது. டிவிடியையும் அதையும் அடுத்தடுத்து ஓட்டினால் ஒரே தொடர்தானா என்று தோன்றும். எதிர்பார்த்த அளவு விற்காததால் அடுத்து வந்த ஸ்டார் ட்ரெக் தொடர்களான டீப் ஸ்பேஸ் நைனுக்கும் வாயேஜருக்கும் அந்த வேலை நடக்கவில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

கோவைக்காரன்:

படச்சுருள் சார் சொல்வதெல்லாம் சரி. ஆனால் இன்றைக்குக் காசு போட்டு வட்டு வாங்க வேண்டுமா என்று யோசிக்கிறேன். நெட்ஃப்ளிக்ஸே 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் டிவிடி அனுப்புவதை நிறுத்திவிட்டது. பெஸ்ட் பை போன்ற பெரிய கடையும் வட்டு விற்பதை விட்டுவிட்டது. கதிர் கேட்ட தொடர்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு தளத்தில் எப்போதாவது வருகின்றன, அதுவும் எச்டியில். மாதச் சந்தாவில் முடிகிற காரியத்துக்கு அலமாரி, தனி பிளேயர், வெளிநாட்டுத் தபால் செலவு எதற்கு? நம் ஊர் ஈரக்காற்றில் வட்டு எத்தனை காலம் தாங்கும் என்ற கேள்வியும் இருக்கிறது.

மயிலை ராகவி:

கோவைக்காரரே, 'எப்போதாவது வருகின்றன' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதை விடுங்கள், வரும்போது என்ன வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

சைன்ஃபெல்ட் 2021-இல் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தபோது அகலத்திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். சாலைப் பள்ளம் ஒன்றை வைத்தே ஓடும் ஒரு பகுதியில், அந்தப் பள்ளமே சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. டிவிடியில் பழைய 4:3 சட்டகம் அப்படியே இருக்கிறது, பள்ளமும் இருக்கிறது. 2020-இல் பிரிட்டனில் ஃபால்டி டவர்ஸின் 'தி ஜெர்மன்ஸ்' பகுதியை, அதில் இனவெறிச் சொற்கள் வருவதால், ஒரு தளத்திலிருந்து சில நாள் எடுத்துவிட்டு, பிறகு எச்சரிக்கைக் குறிப்போடு திரும்பப் போட்டார்கள். அந்தக் காட்சிகளைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்து முடிவு செய்யும் இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இசைதான் எனக்கு முக்கியம். டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி என்று ஒரு நகைச்சுவைத் தொடர், 1978 முதல் 1982 வரை வந்தது. கதைக்களமே ஒரு ராக் வானொலி நிலையம். டிஜே ஒரு பாட்டைப் போடுவார், அந்தப் பாட்டின் வரிக்கும் காட்சிக்கும் தொடர்பு இருக்கும். ஒளிபரப்புக்கு மட்டும்தான் உரிமை வாங்கியிருந்தார்கள், வீட்டு வீடியோ என்ற ஒன்றை அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2007-இல் முதல் சீசன் டிவிடி வந்தபோது பாட்டுகளை எடுத்துவிட்டு ஊர்பேர் தெரியாத இசையை ஒட்டியிருந்தார்கள், சில காட்சிகளையே வெட்டியிருந்தார்கள். ரசிகர்கள் வாங்க மறுத்தார்கள். 2014-இல் ஷவுட் ஃபேக்டரி என்ற வட்டு நிறுவனம் பெரும்பாலான பாட்டுகளுக்கு மறுபடியும் உரிமை வாங்கி முழுத் தொடரையும் வெளியிட்டது. தி வொண்டர் இயர்ஸ் தொடரும் பாட்டுரிமைச் சிக்கலில் மாட்டி, 2014-இல்தான் ஒழுங்கான டிவிடியாக வந்தது. தொடர் முடிந்தது 1993-இல்!

கதிர், அட்டையில் 'முழுத் தொகுப்பு' என்றால் எல்லாப் பகுதிகளும் இருக்கின்றன என்றுதான் பொருள். ஒவ்வொரு பகுதியும் முழுசாக இருக்கிறது என்று அது சொல்வதில்லை.

ஸ்கார்பரோ தயா:

ராகவி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. அட்டையின் பின்பக்கம் மொத்த ஓடும் நேரம் போட்டிருப்பார்கள். அதைப் பகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கோ. 1950, 60-களின் அரைமணி நேரத் தொடர் என்றால் பகுதிக்கு 25 நிமிடம் அல்லது கொஞ்சம் கூட வரவேண்டும். 22 என்று வந்தால் அது மறுஒளிபரப்புக்காக விளம்பர இடம் விட்டு வெட்டிய பிரதி என்று சந்தேகப்படலாம்.

நான் கனடாவில் இருக்கிறேன். இங்கே பழைய பொருள் கடைகளில் இந்தப் பெட்டிகள் கனக்க வரும். மலிவுப் பெட்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். தி பெவர்லி ஹில்பில்லிஸ் என்றொரு தொடர், 1962-இல் தொடங்கியது. அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி 28 வருடத்தில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். அதன் முதல் சீசனுக்கும் இரண்டாவது சீசனின் பல பகுதிகளுக்கும் புதுப்பிக்கவில்லை. அந்தப் பகுதிகள் பொதுவுடைமையாகிவிட்டன, யார் வேண்டுமானாலும் வட்டுப் போடலாம். தொடக்கப் பாட்டின் உரிமை மட்டும் தனியாக நின்றது. அதனால் மலிவு வட்டுகளில் அந்தப் பிரபலமான பாட்டுக்குப் பதிலாக வேறு ஏதோ இசை ஓடும், படமும் தேய்ந்துபோன 16 மிமீ பிரதியிலிருந்து எடுத்ததாக இருக்கும். ஒரே வட்டில் பத்துப் பன்னிரண்டு பகுதிகளை அடைத்திருந்தால் கிட்டவும் போகாதீர்கள்.

இப்போது பிளேயர் விஷயம். உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து வட்டு வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டி வைப்பார்கள். டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் மண்டலம், அமெரிக்காவும் கனடாவும் 1. ப்ளூ-ரேயில் இந்தியா சி, இங்கே ஏ, பிரிட்டன் பி. ப்ளூ-ரே பல பூட்டே இல்லாமல் வருகின்றன, ஆனால் எல்லாம் அல்ல. வாங்குவதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட பதிப்பைப் பற்றி விசாரித்துவிடுங்கோ. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்றை முதலில் வாங்கினால் பிறகு தலைவலி இல்லை. 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டே கிடையாது.

இன்னொன்று, ஸ்ட்ரீட் ஹாக் என்ற மோட்டார் சைக்கிள் தொடர் நினைவிருக்கா? இந்தியாவில் எவ்வளவு பிரபலம் என்று சென்னை நண்பர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 1985-இல் 13 பகுதிகளோடு நிறுத்திவிட்டார்கள். டிவிடி வந்தது 2010-இல். கிடைத்தால் எடுங்கோ.

நெல்லைக்கதிர்:

ஸ்ட்ரீட் ஹாக் நினைவில்லாமலா! பள்ளிக்கூடத்தில் சைக்கிளை வைத்துக்கொண்டு எல்லோரும் அந்த மோட்டார் சைக்கிள் என்று ஓட்டித் திரிந்தோம். 13 பகுதிகள்தானா? முடிவே இல்லாமல் வந்த மாதிரி நினைவு. பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்த்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். பாட்டுரிமைச் சிக்கல் இல்லாத தொடரும் இப்படித் தாமதமாகக் காரணம் என்ன?

படச்சுருள்:

உரிமை பலரிடம் சிதறிக் கிடப்பதுதான். 1966-இல் வந்த பேட்மேன் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தொடரைத் தயாரித்தது ஃபாக்ஸ், கதாபாத்திரமோ வார்னர் குழுமத்தைச் சேர்ந்த டிசி காமிக்ஸுக்குச் சொந்தம். 120 பகுதிகளும் வட்டில் வர 2014 ஆகிவிட்டது.

தொடர்களை முழுசாகச் சேர்ப்பது என்பதே ஒரு காலத்தில் கனவுதான். விஎச்எஸ் நாளில் பழைய ஸ்டார் ட்ரெக்கைக் கேசட்டுக்கு ஒரு பகுதி என்று விற்றார்கள். 79 பகுதிகள், ஒரு சுவர் முழுக்க வேண்டும். 2000-இல் எக்ஸ்-ஃபைல்ஸ் முதல் சீசன் டிவிடிப் பெட்டியாக வந்த பிறகுதான் சீசன் சீசனாக விற்கும் வழக்கம் பரவியது.

ஒளிநாடா:

டாக்டர் ஹூவைப் பற்றி யாரும் பேசாமல் இந்த இழை முடிந்துவிடக் கூடாது. வட்டு என்ற ஒன்று இல்லாவிட்டால் பழைய தொலைக்காட்சியில் என்னவெல்லாம் போயிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

1963-இல் தொடங்கிய, பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடர். அப்போது வீடியோ நாடா விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி பதியலாம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு. வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் கறுப்பு வெள்ளையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து பிபிசி நாடாக்களை அழித்தது. 1978-இல் ஒழுங்கான காப்பகம் அமைத்த பிறகுதான் அது நின்றது. அதற்குள் போனது போய்விட்டது. 60-களின் பகுதிகளில் 90-க்கும் மேற்பட்டவை பல ஆண்டுகளாகக் கிடைக்காமலேயே இருந்தன.

பிழைத்தவை பல, வெளிநாடுகளுக்கு விற்ற 16 மிமீ பிலிம் பிரதிகளால் பிழைத்தன. 'டோம் ஆஃப் தி சைபர்மென்' கதையின் நான்கு பகுதிகளும் ஹாங்காங்கிலிருந்து திரும்பி வந்தன, 1992-இல் விஎச்எஸ் கேசட்டாக விற்பனைக்கு வந்தன. 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து நிலையம் ஒன்றில் கிடந்த சுருள்களிலிருந்து காணாமல் போன 9 பகுதிகள் மீண்டன. படம் கிடைக்காத பகுதிகளுக்கும் ஒலி முழுசாக இருக்கிறது. அன்றைய ரசிகப் பிள்ளைகள் டிவி பக்கத்தில் ரெக்கார்டரை வைத்து ஒலிப்பதிவு செய்திருந்தார்கள்! எந்த நிறுவனமும் சொல்லி அவர்கள் செய்யவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

இந்த ஒலியோடு அனிமேஷன் சேர்த்து வட்டில் வெளியிட்டார்கள். பிலிம் பிரதியில் வீடியோவின் வழுவழுப்பான அசைவு போய்விடும், அதை விநாடிக்கு 50 படங்களாகத் திரும்பக் கொண்டுவர விட்ஃபயர் என்ற முறையைக் கையாண்டார்கள். அதைவிட ஆச்சரியம் வண்ணம். 70-களின் தொடக்கத்தில் வண்ணத்தில் எடுத்த சில பகுதிகள் கறுப்பு வெள்ளைப் பிலிமில் மட்டுமே எஞ்சின. அந்தப் பிலிமில் வண்ணச் சமிக்ஞை நுண்ணிய புள்ளிகளாகப் பதிந்திருந்தது. அந்தப் புள்ளிகளைக் கணினியால் படித்து வண்ணத்தை மீட்டார்கள். 2013-இல் வந்த 'தி மைண்ட் ஆஃப் ஈவில்' டிவிடியில் பாருங்கள். வட்டு விற்றால் காசு வரும் என்ற நம்பிக்கை இல்லாமல் இவ்வளவு உழைப்புக்கு யார் செலவு செய்திருப்பார்கள்?

2018-இலிருந்து சீசன் சீசனாக ப்ளூ-ரே பெட்டிகள் வருகின்றன. வீடியோவில் எடுத்த தொடருக்கு ப்ளூ-ரே வீண் என்று படச்சுருள் அண்ணன் சொல்வார். கூர்மை கூடாது என்பது உண்மைதான். ஆனால் இடத்துக்காகப் படத்தரவைச் சுருக்கி அடைப்பது குறைவு, புதிதாகச் சீர் செய்த பிரதிகள், தயாரிப்பு ஆவணங்கள், கூட இருந்தவர்களின் பேட்டிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

படச்சுருள்:

வீண் என்று சொல்ல மாட்டேன் தம்பி, ஃபால்டி டவர்ஸுக்கு அவசியமில்லை என்றேன். டாக்டர் ஹூ பெட்டிகளில் நடந்திருக்கும் வேலை வேறு தரம், அதில் உன்னோடு முழுக்க உடன்படுகிறேன்.

எனக்குப் பிடிக்காதது புதிய தந்திரக் காட்சிகளைப் பழையவற்றின் மேல் திணிப்பது. பழைய ஸ்டார் ட்ரெக்கின் விண்கலக் காட்சிகளை 2006-இலிருந்து கணினியில் புதிதாகச் செய்தார்கள். நல்லவேளை, ப்ளூ-ரேயில் பழையது, புதியது இரண்டையும் தேர்ந்தெடுக்க வழி வைத்தார்கள். 1966-இல் மாதிரிக் கலத்தை வைத்து அவர்கள் எடுத்ததைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். தேர்வு இருக்கிற பதிப்பை மட்டுமே வாங்குவேன்.

கோவைக்காரன்:

பாட்டு, சட்டகம் பற்றிச் சொன்னது நியாயமான காரணம். என் ஈரக்காற்றுக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கடற்கரை ஊரில் இருக்கும் என் உறவினர் வீட்டில் கேசட்டுகள் அத்தனையும் வெள்ளைப் பூஞ்சை பிடித்துப் போயின. வட்டுக்கும் அந்தக் கதி வராதா?

மயிலை ராகவி:

நானும் கடலோரம்தான். கேசட்டுக்கும் வட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நாடாவின் மேற்பரப்பு திறந்து கிடப்பதால் பூஞ்சை நேரே பிடிக்கும். டிவிடியில் அலுமினியப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கிறது. ஓரத்தில் ஒட்டு சரியில்லாமல் காற்று புகுந்தால் அது கெடும். ஆலையில் சரியாக அச்சானது நீண்ட நாள் தாங்கும். வீட்டில் பதியும் வட்டு வேறு, அதில் இருப்பது சாயம், வெளிச்சமும் சூடும் பட்டால் மங்கும். அதில் எதையும் நம்பி வைக்காதீர்கள்.

நான் செய்வது இவ்வளவுதான். பெட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தி வைக்கிறேன், அடுக்கிப் படுக்க வைப்பதில்லை. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிர்த்துவிட்டேன், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் இழுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுகிறேன். துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக, வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வாங்கியதும் எல்லா வட்டையும் ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்ப்பேன், ஏனென்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு கடைசி வட்டு ஓடவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். நம் ஊரில் வட்டைவிட உள்ளே வரும் சிறு புத்தகங்களுக்குத்தான் ஆபத்து, வெள்ளிப்பூச்சி தின்றுவிடும். அதைத் தனிப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

வெளிநாட்டுத் தொடருக்குக் கிடைக்கிற இந்த மரியாதை நம் தொடர்களுக்கும் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஷங்கர் நாக் ஆகும்பேயில் எடுத்த மால்குடி டேஸை நினைத்துப் பாருங்கள். ஆர். கே. லக்ஷ்மணின் கோட்டோவியம், எல். வைத்தியநாதனின் அந்தத் தொடக்க இசை. கேட்டாலே மனம் அங்கே போய்விடுகிறது. கே. பாலசந்தரின் ரயில் சிநேகம், நாகா இயக்கிய மர்மதேசம் இவற்றையெல்லாம் யூடியூபில்தான் பார்க்கிறோம். மூல நாடாவிலிருந்து சீர் செய்து, எடுத்தவர்களின் பேட்டியோடு ஒரு பெட்டி வந்தால் விலை பார்க்காமல் வாங்குவேன். நாகாவிடம் அந்தப் படப்பிடிப்புகளைப் பற்றி நிதானமாக உட்கார்ந்து பேசிப் பதிவு செய்ய வேண்டாமா?

ஒளிநாடா:

அக்கா, 'விடாது கருப்பு' ப்ளூ-ரே பெட்டி என்று அலமாரியில் பார்க்கிற நாளுக்கு நானும் காத்திருக்கிறேன்.

நெல்லைக்கதிர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயரை முதலில் வாங்குகிறேன். பிறகு ட்விலைட் ஸோனும் நெக்ஸ்ட் ஜெனரேஷனும் ப்ளூ-ரேயில், ஃபால்டி டவர்ஸ் பிரிட்டிஷ் டிவிடியில். லூசியின் ப்ளூ-ரே கிடைக்கிறதா என்று தேடுகிறேன்.

கடைசியாக ஒன்று. வேறு சில அமெரிக்கத் தொடர்களின் பிரிட்டிஷ் டிவிடி பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதை எடுப்பதில் ஏதாவது சிக்கல் உண்டா?

ஸ்கார்பரோ தயா:

உண்டு. பிலிம் விநாடிக்கு 24 படம், பால் முறை டிவி 25 படம். பிலிமில் எடுத்த தொடரை அப்படியே 25-இல் ஓட்டிப் பதிவதுதான் அங்கே வழக்கம். படம் 4 சதவீதம் வேகமாகும், 50 நிமிடப் பகுதி 48-இல் முடிந்துவிடும். திருத்தாமல் விட்டால் குரலும் இசையும் கொஞ்சம் மேலே ஏறிக் கேட்கும். சிலருக்குத் தெரியவே தெரியாது, தொடக்க இசையை மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கு உடனே உறுத்தும். நீங்கள் எந்த ரகம் என்று ஒரு மலிவான வட்டில் சோதித்துப் பாருங்கோ. ப்ளூ-ரே 24-இலேயே ஓடும் என்பதால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இல்லை.

எந்தத் தொடர் என்று பெயரைப் போடுங்கோ அண்ணை. என்னிடம் இருந்தால் அமெரிக்கப் பதிப்பின் ஓடும் நேரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.